வீட்டுக்கும் அளவெடுக்க வேண்டும்!

ஒரு சட்டை தைக்கக் கொடுக்கிறீர்கள். தையற்காரர் என்ன செய்கிறார்? முதலில் நாடாவை எடுத்துத் தோள், மார்பு, கை என்று அளக்கிறார். அப்புறம்தான் கத்தரிக்கோலைத் தொடுகிறார். "உங்க அளவு எதுக்கு சார்? போன வாரம் ஒருத்தருக்குத் தைச்சேன், பிரமாதமா இருந்துச்சு. அதே மாதிரி உங்களுக்கும் தைச்சுடறேன்" என்று அவர் சொன்னால், துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட மாட்டீர்களா?

வீட்டு விஷயத்தில் மட்டும் நாம் அதற்குச் சம்மதித்துவிடுகிறோம். பக்கத்து ஃபிளாட்டில் போட்ட மாதிரி ஃபால்ஸ் சீலிங். மைத்துனர் வீட்டில் பார்த்த மாதிரி 'எல்' வடிவ சோபா. செல்போனில் வந்த படத்தில் இருந்த மாதிரி மாடுலர் கிச்சன். லட்சக்கணக்கில் செலவு. ஆனால் அந்த வீட்டில் இருக்கப்போகிற பாட்டியின் முழங்காலை யாரும் அளக்கவில்லை. சமையல் மேடை முன்னால் தினமும் நிற்கப்போகிறவரின் முழங்கை எவ்வளவு உயரம் என்று யாரும் கேட்கவில்லை. இளைப்பு உள்ள பேரனின் மூச்சு யாருக்கும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"சித்த வைத்தியருக்கு வீட்டு அலங்காரத்தில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். நாடி பார்ப்பதோடு எங்கள் படிப்பு முடிந்துவிடுவதில்லை. நோயாளி எந்த நிலத்தில் வசிக்கிறார், என்ன வேலை செய்கிறார், எப்படித் தூங்குகிறார் என்பதெல்லாம் கேட்டறிய வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 'பதார்த்த குண சிந்தாமணி' என்ற பழைய நூலில் காய், கனி, பால், மோர் இவற்றோடு பாய்க்கும் படுக்கைக்கும்கூடக் குணம் சொல்லப்பட்டிருக்கிறது.

அதனால் முழங்கால் வலி, இடுப்புப் பிடிப்பு, விடாத தும்மல் என்று வருகிறவர்களிடம் நான் வீட்டைப் பற்றியும் விசாரிப்பது வழக்கம். "சோபாவிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியுதாம்மா?" என்றால் விழிப்பார்கள். மருந்து கேட்க வந்தால் இந்த மனுஷர் மேஸ்திரி மாதிரி பேசுகிறாரே என்ற பார்வை!

உடம்பை முன்னால் வைத்து வீட்டை யோசிப்பது எப்படி என்பதற்கு நல்ல உதாரணமாக இருந்தவர் ஒரு வைத்தியர் இல்லை. பிரான்ஸ் தேசத்து வீட்டு உள்ளமைப்புக் கலைஞர், ஷார்லோட் பெரியாண்ட் என்ற பெண்மணி. அவர் தன் தொழிலின் முக்கியமான பாடத்தைக் கற்றது ஜப்பானில். அந்தக் கதையை நம் குடும்பத்துப் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

ஆஸ்பத்திரி தந்த பாடம்

பெரியாண்ட் 1903-ம் ஆண்டு அக்டோபர் 24-ம் தேதி பாரீஸில் பிறந்தவர். அப்பா தையற்காரர். அம்மாவும் உயர்தரப் பெண்கள் உடைகள் தைக்கும் தொழிலில் இருந்தவர். அளவு நாடாவைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பெண் என்று சொல்லலாம்.

பத்து வயது வாக்கில் குடல்வாலில் கோளாறு வந்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வேண்டாத சாமான் எதுவுமில்லாத அந்த இடம் குழந்தைக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. குணமாகி வீட்டுக்கு வந்தால், அங்கே மேஜை நாற்காலிகளும் தட்டுமுட்டுச் சாமான்களுமாக அடைந்து கிடந்ததாம். அதைப் பார்த்ததும் அழுதுவிட்டாளாம். வெற்றிடத்தின் அருமையைத் தன்னையறியாமல் உணர்ந்தது அன்றுதான் என்று, 1998-ல் வெளியான தன் வாழ்க்கை வரலாற்றில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்தச் சம்பவத்தை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தன் உடம்புக்கு எது இதமாக இருக்கிறது என்பதைச் சொல்லத் தெரியாமல் அந்தக் குழந்தை அழுதிருக்கிறாள். 'ஹால்ல விளையாட இடமே இல்லம்மா' என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சிணுங்குவதும் அதே அழுகைதான். நாம்தான் கையில் செல்போனைக் கொடுத்து அடக்கிவிடுகிறோம்.

பெரியாண்ட் அலங்காரக் கலை படித்தார். 1927-ல், பின்னாளில் நம் சண்டிகர் நகரத்தை வடிவமைத்த லெ கார்பூசியேயிடம் வேலை கேட்டுப் போனார். "இங்கே தலையணை உறையில் பூத்தையல் போடுகிற வேலை இல்லை" என்கிற மாதிரி பதில் சொல்லித் திருப்பி அனுப்பினாராம் அவர். அதே ஆண்டு பாரீஸ் கண்காட்சி ஒன்றில் பெரியாண்ட் எஃகிலும் அலுமினியத்திலும் அமைத்திருந்த ஓர் அறையைப் பார்த்த பிறகு, அதே மனிதர் கூப்பிட்டு வேலை கொடுத்தார். பத்து வருஷம் அங்கே இருந்தார். எஃகுக் குழாயை வளைத்து, முழங்காலை மடித்துக் காலை உயர்த்திச் சாய்ந்துகொள்கிற மாதிரி ஒரு சாய்வு நாற்காலியை 1928-ல் லெ கார்பூசியே, பியர் ஜான்னரே இருவரோடும் சேர்ந்து வடிவமைத்தார். ரொம்பக் காலத்துக்கு அதை லெ கார்பூசியே நாற்காலி என்றே உலகம் சொல்லிக்கொண்டிருந்தது. உழைப்பு வீட்டுப் பெண்ணுடையது, பேர் வேறொருவருக்கு என்பது நம் ஊரில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை போலிருக்கிறது!

சொல்லிக்கொடுக்கப் போனவர்

1940-ல் ஜப்பானின் வர்த்தக, தொழில் அமைச்சகம் பெரியாண்டை அழைத்தது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் கைத்தொழில் பொருட்களைச் செம்மைப்படுத்த ஆலோசனை சொல்லும் வேலை. லெ கார்பூசியேயிடம் முன்பு உடன் வேலை பார்த்த ஜுன்சோ சகாகுரா என்ற ஜப்பானியக் கட்டடக் கலைஞர்தான் இந்த அழைப்புக்குப் பின்னால் இருந்தவர்.

காலம் எப்படிப்பட்டது பாருங்கள். ஜூன் 14-ம் தேதி ஜெர்மன் படை பாரீஸுக்குள் நுழைந்துவிட்டது. மறுநாள் மார்செய் துறைமுகத்திலிருந்து 'ஹகுசன் மாரு' என்ற கப்பலில் புறப்பட்டார். வயது 36. சொந்த ஊர் எதிரி கையில். போகிற ஊரில் பாஷை தெரியாது. ஆகஸ்ட்டில் ஜப்பான் போய்ச் சேர்ந்தார்.

சம்பளம் கொடுத்து வெளிநாட்டிலிருந்து வரவழைத்த நிபுணர் சாதாரணமாக என்ன செய்வார்? பெட்டியைத் திறந்து படங்களை விரிப்பார். 'எங்க ஊரில் இப்படித்தான்' என்பார். பெரியாண்ட் ஊர் ஊராகச் சுற்றினார். பின்னாளில் பெயர்பெற்ற வடிவமைப்பாளரான சோரி யனாகி அப்போது இளைஞர். அவர் துணைக்குப் போனார். மரவேலை, மூங்கில் வேலை, நெசவு, மண்பாண்டம் என்று ஒவ்வொரு பட்டறையிலும் கை எப்படி ஓடுகிறது என்று கவனித்தார். மேல்நாட்டுச் சாமானைப் பார்த்து அப்படியே காப்பியடிக்காதீர்கள், உங்கள் கைத்திறமையை இன்றைய வாழ்க்கைக்குப் பயன்படுத்துங்கள் என்பதுதான் அவர் சொன்ன ஆலோசனையின் சாரம்.

சொன்னதைத் தானும் செய்து காட்டினார். போர்க்காலம், உலோகம் கிடைக்காது. எஃகுக் குழாயில் செய்த அதே சாய்வு நாற்காலியை மூங்கிலில் செய்தார். வடக்கே பனி கொட்டும் பகுதியில் குடியானவர்கள் வைக்கோலைப் பின்னி மழைக்குப் போர்த்திக்கொள்வார்கள். அந்தப் பின்னல் முறையை மெத்தைக்குப் பயன்படுத்தினார். 1941-ல் டோக்கியோவிலும் ஒசாகாவிலும் தகாஷிமாயா என்ற பெரிய கடையில் கண்காட்சி நடந்தது. சொல்லிக்கொடுக்கப் போனவர் மாணவியாக மாறிய கதை இது.

பாய் ஒரு அளவுகோல்

ஜப்பானிய வீட்டில் பெரியாண்டைக் கவர்ந்தது எது? 'தாதாமி' என்ற பாய். வைக்கோலை அடர்த்தியாக அடைத்து மேலே கோரை மாதிரியான புல்லில் நெய்த விரிப்பு. ஏறக்குறைய 3 அடி அகலம், 6 அடி நீளம். ஓர் ஆள் படுக்கத் தேவையான இடம்! அறையின் அளவை அங்கே பாய்க் கணக்கில் சொல்வது வழக்கம். நாலரைப் பாய் அறை, ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை என்பார்கள். மனித உடம்பே வீட்டுக்கு அளவு நாடா ஆகிவிட்டது!

அந்த அறையில் பகலில் ஒரு தாழ்ந்த மேஜை வைத்தால் சாப்பாட்டு அறை. விருந்தாளி வந்தால் கூடம். ராத்திரி சுவர் அலமாரியிலிருந்து மெத்தையை எடுத்து விரித்தால் படுக்கை அறை. காலையில் மெத்தையைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுகிறார்கள். தரை மறுபடியும் காலி. ஒரு நாள் முழுக்க உடம்பு என்னென்ன செய்கிறதோ அதற்கெல்லாம் அறை வழிவிடுகிறது.

வெற்றிடம் என்றால் வறுமை இல்லை, அது உடம்புக்கான இடம் என்று அங்கே அவருக்குத் தெளிவானது. ஆஸ்பத்திரியில் குழந்தைக்குப் புரியாமல் பிடித்த விஷயம் ஜப்பானில் பெரியவளுக்குப் புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. சாமானை வைக்க ஒழுங்கான இடம் இருந்தால்தான் வெற்றிடம் மிஞ்சும். இந்த இரண்டையும் கடைசிவரை அவர் விடவில்லை.

1941 டிசம்பரில் ஜப்பானும் போரில் குதித்தது. 1942 கடைசியில் அவர் அங்கிருந்து கிளம்பி இந்தோசீனா, அதாவது இன்றைய வியட்நாம் பக்கம் போக நேர்ந்தது. அங்கேதான் கல்யாணம், 1944-ல் பெண் குழந்தை. 1946-ல்தான் பிரான்ஸ் திரும்ப முடிந்தது. ஆறு வருஷ வெளிநாட்டு வாழ்க்கையில் சுகத்தைவிட அலைச்சலே அதிகம்.

நாற்காலியா, தரையா?

இதைப் படித்ததும், "பார்த்தீங்களா, வெள்ளைக்காரியே பாயை மெச்சிட்டா! நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்று காலரைத் தூக்கி விட்டுக்கொள்ள வேண்டாம். பழசு என்பதற்காக அவர் எதையும் மெச்சவில்லை. நாற்காலியையும் விட்டுவிடவில்லை. 1955-ல் மறுபடி டோக்கியோவில் கண்காட்சி வைத்தபோது, ஒரே ஒட்டுப்பலகையை மடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கிற நாற்காலி ஒன்றைக் காட்டினார். உட்கார வேண்டும் என்றால் எடு, வேலை முடிந்தால் ஓரமாக அடுக்கு. அவ்வளவுதான் தத்துவம்.

எங்கள் துறையிலேயே சிலர், "நாற்காலி வந்துதான் மூட்டு வலி வந்தது, எல்லாரும் தரையில் உட்காருங்கள்" என்று மேடையில் பேசுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவரையும், முழங்கால் எலும்பு தேய்ந்து வீங்கிப்போனவரையும் தரையில் சப்பணமிட வைப்பது வைத்தியம் இல்லை, கொடுமை. அவருக்குச் சரியான உயரத்தில் ஒரு நாற்காலிதான் மருந்து.

ஆனால் முப்பது, நாற்பது வயதில் ஒரு கோளாறும் இல்லாதவர்கள் தரையையே மறந்துவிட்டார்களே, அதுதான் என் கவலை. 51 முதல் 80 வயதுவரை உள்ள 2002 பேரைப் பிரேசில் நாட்டு டாக்டர்கள் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். 2012-ல் முடிவு வெளியானது. கையையும் முழங்காலையும் ஊன்றித் திணறி எழுந்தவர்களிடையே, அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு மிக அதிகமாக இருந்தது. தரையில் உட்கார்ந்தால் ஆயுசு கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை. கால் பலம், இடுப்பின் வளைவு, உடம்பின் சமநிலை இவை எப்படி இருக்கின்றன என்று காட்டுகிற கண்ணாடி அது. அந்தக் கண்ணாடியில் தினமும் ஒரு தடவையாவது முகம் பார்க்க வீட்டில் காலியாக ஆறடி தரை வேண்டாமா? அந்த ஆறடியில் நாம் டீப்பாயைப் போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் பூவை வைத்திருக்கிறோம்!

சமையலறைச் சுவரை உடைத்தவர்

போர் முடிந்த பிரான்சில் வீடில்லாமல் தவித்த குடும்பங்கள் ஏராளம். மார்செய் நகரில் லெ கார்பூசியே 337 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பினார். 1952-ல் முடிந்தது. அதற்கு மாதிரிச் சமையலறையை யோசித்துக் கொடுத்தவர் பெரியாண்ட். அந்தக் காலத்து பாரீஸ் வீடுகளில் சமையலறை பின்கட்டில் இருட்டில் இருக்கும். சமைக்கிற பெண் ஓர் உலகம், மற்றவர்கள் வேறு உலகம். இவர் கூடத்தைப் பார்த்தபடி சமையலறையைத் திறந்து, நடுவில் ஒரு மேடையை வைத்தார். சமைத்துக்கொண்டே குழந்தையோடு பேசலாம், தட்டை அப்படியே நகர்த்தலாம். கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் இருக்கும். நடையும் குனிவும் குறையும்.

இன்றைக்கு நம் ஊரில் 'ஓப்பன் கிச்சன்' ஒரு ஃபேஷன். ஆனால் தாளிக்கிற புகை போக வழி இல்லாமல் திறந்தால், மிளகாய் நெடி வீடு முழுக்கப் பரவி எல்லாருக்கும் இருமல்தான். அவர் அளந்தது அவர் ஊர்ச் சமையலை. நாம் அளக்க வேண்டியது நம் சமையலை. சுவரை உடைப்பதற்கு முன்னால் புகை போக்கியைப் பற்றி யோசியுங்கள்.

உங்கள் வீட்டுக்கு ஒரு நாடா

எந்த இன்டீரியர்காரர் வந்தாலும், அவர் படத்தை விரிப்பதற்கு முன் நீங்கள் நாடாவை விரியுங்கள்.

சமையல் மேடை: அதிகம் சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கட்டும். முழங்கையிலிருந்து 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருந்தால் தோளும் இடுப்பும் தப்பிக்கும். உயரம் குறைந்த அம்மாவுக்கு உயரமான மேடை போட்டுவிட்டுத் தோள் வலித் தைலம் வாங்கிக் கொடுப்பதில் என்ன புண்ணியம்?

உட்காரும் இடம்: பாதம் முழுக்கத் தரையில் பதிய வேண்டும், முழங்கால் நேர்கோணமாக மடங்க வேண்டும். உள்ளே புதைகிற சோபா இளைஞர்களுக்குச் சொகுசு. வயதானவருக்கு அது பள்ளம். பெரியவர்களுக்குக் கைப்பிடி உள்ள கெட்டியான நாற்காலி ஒன்று தனியாக இருக்கட்டும்.

ராத்திரி வழி: படுக்கையிலிருந்து கழிப்பறைவரை ஒரு டீப்பாய், ஒரு மிதியடி, ஒரு ஒயர்கூடக் குறுக்கே இருக்கக் கூடாது. விபத்துச் சாவுகளில் உலக அளவில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் கீழே விழுவதற்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி ஆகும் செலவு, ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு விளக்குக்கு ஆகும் செலவுதான்.

மூச்சு: கனத்த திரை, கார்ப்பெட், துணி சோபா இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளுக்குச் சத்திரம். இளைப்பு உள்ள குழந்தை தூங்கும் அறையில் இவற்றைக் குறையுங்கள். துவைத்து வெயிலில் உலர்த்த முடிகிற மெல்லிய விரிப்பு போதும்.

புது வாசனை: புதிதாகப் பலகை வேலை செய்த வீட்டில் கண் எரிகிறதே, அது ஒட்டுப்பலகைப் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயுவாக இருக்கலாம். புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் 2004-ல் அதைச் சேர்த்திருக்கிறார்கள். வேலை முடிந்த கையோடு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு குடிபோகாதீர்கள். சில வாரமாவது ஜன்னல்களைத் திறந்து போட்டுக் காற்றோட விடுங்கள். வாயு குறைவாக வெளியிடும் பலகையைக் கேட்டு வாங்குங்கள்.

அலமாரி: சாமான்கள் சுவரோடு ஒதுங்கட்டும்; தரை மனிதர்களுக்கு இருக்கட்டும். அன்றாடம் எடுப்பது தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில். லாஃப்ட்டில் ஏறி அண்டாவை இறக்குகிற சாகசம் ஐம்பது வயதுக்கு மேல் வேண்டாம்.

இவ்வளவும் செய்ய நிபுணர் வேண்டாமா என்றால், வேண்டும். நல்ல நிபுணர் உங்களிடம் கேள்வி கேட்பார். "வீட்டில் யார் யார் இருக்கீங்க? யாருக்கு என்ன உபாதை? காலையில் முதலில் யார் எழுந்திருப்பாங்க?" என்று கேட்காமல் கலர் அட்டையை நீட்டுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பெரியாண்ட் 1999-ல் 96 வயதில் காலமானார். பனிமலை ஏறுவதும் சறுக்குவதும் அவருக்கு உயிர். அறுபது வயதைத் தாண்டி, பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் லெஸ் ஆர்க்ஸ் என்ற உல்லாச ஊரின் விடுதிகளை உருவாக்கும் வேலையை ஏற்றார். சின்னச் சின்ன அறைகள்தான். ஆனால் பெரிய ஜன்னல் வழியே மலை முழுக்க அறைக்குள் வரும். 89 வயதில், 1993-ல், பாரீஸ் யுனெஸ்கோ தோட்டத்தில் மூங்கில் வைத்து ஒரு ஜப்பானியத் தேநீர்க் குடிலை அமைத்தார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அன்னிய நாட்டில் கற்ற பாடத்தை அந்த வயதிலும் மறக்கவில்லை.

அடுத்த மாதம் வீட்டில் வேலை ஆரம்பிக்கப் போகிறீர்களா? இன்று சாயங்காலம் வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டு, "அப்பா, அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்க, பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். அவர் எழுந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கான முதல் பிளான் அதுதான்.